ஐம்பத்தேழு யூனிட்

குன்னூரில் நான் ஏறாத படிக்கட்டு குறைவு.
பெரியகுளத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு வருடம்,
முழங்கால் இரண்டும் இந்த ஊரை
என்னைவிட நன்றாகப் படித்துவிட்டன.
யார் வீடு என்று கேட்டால் பெயர் வராது,
எண்தான் முதலில் வரும்.

ஹம்சாவின் பேக்கரி, மாதம் பார்த்து ஏறும் இறங்கும்.
அடுப்பு விறகு; கரண்ட்டைத் தின்பது கேக் அலமாரி.
மாடியில் கம்பளி விற்கும் பெமா
நாற்பதைத் தாண்டியதில்லை.
அவளிடம் இருக்கும் ஒரே ஹீட்டர்
விற்பனைக்கு வைத்தது.

ஓட்டுப்பட்டறைச் சரிவில்
நாவலப்பிட்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம்
முதலில் ஒரு தகரம் போட்டது,
பிறகு தகரத்துக்குமேல் தளம்,
தளத்துக்குமேல் இன்னொரு தகரம்.
அந்த உச்சித் தகரத்தில் இப்போது
பதினொரு பேர், ராஞ்சிப் பக்கம், மீட்டர் ஒன்று.
"யூனிட்டுக்குப் பத்து ரூபா வாங்குறாங்க, சரியா மேடம்?"
சரியில்லை.
ஆனால் கையிலிருக்கும் கருவியில் அதற்குப் பொத்தான் கிடையாது.
வீட்டுக்காரர் ஜெபநேசன் கீழே காப்பி நீட்டுகிறார்.
"நாங்க ஒரே காம்பராவுல ஒம்போது பேர் இருந்தம், தெரியுமா?"
தெரியும்.
குடித்தேன். சூடாகத்தான் இருந்தது.

ஊர் நிறைந்துவிட்டது என்கிறார்கள்.
சனிக்கிழமை பர்லியாறிலிருந்தே கார்கள்
ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று முகர்ந்துகொண்டு ஏறுகின்றன.
குழாயில் தண்ணீர் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை,
அதுவும் விடியுமுன் இரும்பு நிறத்தில்.
நேற்று வண்ணாரப்பேட்டைப் படியில்
காட்டுமாடு ஒன்று குறுக்கே நின்றது,
ரேஷன் வரிசையில் கடைசி ஆள் மாதிரி,
யாரையும் தள்ளாமல்.
நானும் நின்றேன். இருபது நிமிடம்.
அது போன பிறகுதான் மூச்சுவிட்டேன்.

மேலே போனால் ஊர் காலி.
பெரிய கேட், பெரிய நாய்ப்படம், நாய் இல்லை.
ஒவ்வொரு முறையும் பூஜ்யம், மூன்று, பூஜ்யம், ஐந்து.
சென்னையிலோ துபாயிலோ இருக்கிறவர்களின்
ஜன்னல்களுக்கு மட்டும் நல்ல காட்சி.
நூறு வரை இலவசம் அவர்களுக்கும் உண்டு.

பதினேழாம் நம்பர் பங்களா எப்போதும் நான்கு.
தவறியதே இல்லை, நான்கு.
இந்த முறை அறுபத்தொன்று.

துடைத்துவிட்டுப் பார்த்தேன். அறுபத்தொன்று.
காவலுக்கிருக்கும் இலியாஸ் டோப்னோ
தோட்டத்துக் குழாயை இறுக்கிப் பிடித்தபடி நின்றான்,
தண்ணீர் வராத குழாயை.
அவனுடைய தமிழில் பாதி படகு,
மேஸ்திரியிடம் படித்தது.
அவன் எதுவும் சொல்லவில்லை.
பின்னாலிருந்த கார் ஷெட்டிலிருந்து
ஒரு மஞ்சள் வெளிச்சம் தரைக்கு வழிந்தது.

சுசானா உட்கார்ந்திருந்தாள்.
ஆப்பிள் அட்டைப்பெட்டி, உள்ளே பழைய கம்பளி,
மேலே தாழ்வாகத் தொங்கும் நூறு வாட் குண்டு பல்பு.
கோழிக்குஞ்சுக்குக் கட்டுவார்களே, அதுபோல.
பெட்டிக்குள் ஒரு பிள்ளை
விரல் மடக்கித் தூங்கியது,
ஆரஞ்சுச் சுளை நிறத்தில்.

நூறு வாட். இரவு பத்து மணிநேரம்.
ஒரு இரவுக்கு ஒரு யூனிட்.
அறுபத்தொன்றில் வழக்கமான நான்கு போக
ஐம்பத்தேழு.

"ஐம்பத்தேழு நாளா?" என்றேன்.
அவள் விரல்விட்டு எண்ணினாள், அவள் மொழியில்.
நடுவில் ஒருமுறை தவறித் திரும்ப எண்ணினாள்.
பிறகு தலையாட்டிச் சிரித்தாள்,
நான் ஜோசியம் தெரிந்தவள் என்று நினைத்து.

காசு ஒரு பைசா வராது. ஆனாலும்
எண் முதலாளியின் போனுக்குப் போகும்.
பூட்டிய வீட்டில் யார் எரித்தது என்று அவர் கேட்பார்.
கேட்க அவருக்கு உரிமையும் உண்டு.

வாசலுக்கு வந்து கேட்டைப் பார்த்தேன்.
பெரிய பித்தளைப் பூட்டு. பொய்யில்லை.
கருவியில் 'கதவு பூட்டு' என்பதை அழுத்தினேன்.
சராசரி போட்டுக்கொண்டது: நான்கு.

அடுத்த முறை எல்லாம் சேர்ந்து வரும்.
மீட்டர் மறக்காது, தள்ளித்தான் வைக்கலாம்.
அதற்குள் மாசி முடிந்து
குளிர் கொஞ்சம் விட்டிருக்கும்.
அதற்குள் புது மீட்டரும் மாட்டிவிடுவார்களாம்,
ஆள் வரவே தேவையில்லாதது.

பதினெட்டாம் நம்பருக்குப் படி ஏறுகிறேன்.
எண்பத்திரண்டு படி.
அங்கேயும் பூட்டுதான்.